சைக்கிள்காரருக்குக் கொடுத்த லட்டு

அப்துல் முத்தலிப்பின் வெள்ளை வண்டி கேட்டுக்குள் திரும்பியபோது வலது பக்கத் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. வாசலில் நின்ற கயல்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி தூணில் படாமல் உள்ளே வந்து, முற்றத்தில் ஒரு வட்டமடித்துக் கேட்டைப் பார்த்து நின்றது. ஆனால் அதன் வலது பக்கக் கதவுகளில் முன்னிருந்து பின்வரை புதிதாக ஒரு நீளக் கீறல் இருந்தது.

"சரவணம்பட்டிகிட்ட ஒரு பைக்குக்காரன் உரசிட்டுப் போயிட்டான்," என்றார் முத்தலிப், இறங்கிக்கொண்டே. "எங்கிருந்துதான் வந்தானோ. நாப்பது வருசத்துல என் வண்டியில இதுதான் முதல் கீறல், அம்மணி."

பின்சீட்டிலிருந்து அவர் மனைவி பக்ருன்னிசா இறங்கினார். இறங்கியதும் அந்தக் கீறலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தி ஹுமேரா, ஒன்பது வயது, கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

முத்தலிப்புக்குக் காந்திபுரத்தில் துணிக்கடை. கடை வைப்பதற்கு முன் பதினைந்து வருடம் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலக்காடு, திருச்சூர் என்று தானே லாரி ஓட்டியவர். கயல்விழியின் அப்பா சென்னியப்பன் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பங்களும் ஒரு காலத்தில் கோவையில் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தவை. ஓய்வுக்குப் பிறகு சென்னியப்பன் கோவைக்கு வெளியே இந்த வீட்டுக்கு வந்துவிட்டாலும், முப்பது வருடப் பழக்கம் விட்டுப்போகவில்லை. அதனால்தான், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் கதிர் "வாங்கப்பா, ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டபோது, சென்னியப்பன் முதலில் முத்தலிப்புக்குத்தான் போன் செய்தார். கதிருக்கு லீவு கிடைக்கவில்லை. வாடகைக்கு ஒரு வேன் எடுத்து, முத்தலிப் ஓட்ட, இரண்டு தம்பதிகளுமாக நான்கு பேரும் ஜூன் மாதத்தில் ஒன்பது நாள் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று சுற்றிவிட்டு வந்தார்கள்.

கயல்விழி போகவில்லை. அவள் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகராக வேலை செய்கிறாள். பயணம் போன நால்வரும் ஊர் திரும்பிய பிறகு, ஆகஸ்ட் கடைசி ஞாயிறான இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் முத்தலிப்பின் வண்டியிலேயே கோத்தகிரி போய்வருவதாகத் திட்டம்.

"ஆல்ப்ஸ் மலையில ஓட்டுனவனுக்குக் கோத்தகிரி ஒரு மலையாடா சென்னி," என்று சொல்லியபடி முத்தலிப் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. கயல்விழியின் அம்மா கருப்பாத்தாள், முத்தலிப் குடும்பத்துக்காக அவர்கள் வழக்கமாக வாங்கும் கடையிலேயே கோழி வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்திருந்தார். கயல்விழி பரிமாறினாள். குழம்பு ஊற்றும் முன்பே கதை ஆரம்பமாகிவிட்டது.

"இவளுக்கு அந்த ரவுண்டானாவைச் சொல்லுங்க பாய்," என்றார் சென்னியப்பன்.

"ஆஸ்திரியாவுல ஒரு சின்ன ஊரு, அம்மணி. நாலு ரோடு சேர்ற எடம். நடுவுல பூச்செடி. போனுக்குள்ள இருக்கற பொம்பளை 'ரெண்டாவது வழியில போங்க'ங்கறா. நானும் சுத்தறேன், சுத்தறேன், வழியைக் காணோம். மூணாவது சுத்துல உங்கப்பன், 'பாய், இந்தப் பூச்செடிய நாம முன்னாடியே பாத்தமுங்களே'ங்கறான்."

"ஆறு சுத்துங்க," என்றார் சென்னியப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஓரத்துல பெஞ்சுல ஒரு பெரியவர் ஒக்காந்திருந்தாரு. நாலாவது சுத்துல எங்களுக்குக் கையாட்டுனாரு. ஆறாவது சுத்துல எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சுப்போட்டாரு."

"நான் அந்தப் பூச்செடியவே சாமியா நெனச்சுக் கும்புட்டுட்டேன்," என்றார் கருப்பாத்தாள். "அத்தனை சுத்து எந்தக் கோயில்லயும் சுத்துனதில்ல."

ஹுமேரா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். கயல்விழியும் சிரித்தாள். அவளுக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

அடுத்தது குடைக் கதை. இத்தாலியில் ஒரு குறுகலான தெரு. ரொட்டிக்கடை வாசலில் பெரிய குடை நட்டு, அதன் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேனின் வலது பக்கக் கண்ணாடி குடைத்துணியில் மாட்டிக்கொண்டது.

"ஊரே ரெண்டு பக்கமும் நின்னு கையாட்டுது," என்றார் முத்தலிப். "நம்மளை வரவேற்கறாங்கன்னு நெனச்சு நானும் ராஜா மாதிரி கையாட்டிட்டே போறேன். அப்புறம்தான் சென்னி கத்தறான், 'பாய், குடையும் நம்ம கூடவே வருதுங்க'ன்னு. கடைக்கார அம்மா மாவு அப்புன கையோட பின்னாலயே ஓடி வர்றா."

"அப்புறம் அந்தம்மாவே காப்பி போட்டுக் குடுத்தாங்களே," என்றார் கருப்பாத்தாள்.

"குடுத்தாங்க. உங்கக்கா அவங்க கையப் புடிச்சுட்டு அழுத அழுகைக்குக் குடுத்தாங்க." முத்தலிப் தலையால் மனைவியைக் காட்டினார். "இவ வேற. ஒன்பது நாளும் என் பின்னால ஒக்காந்துட்டு, 'வலது பக்கம் ஆளுங்க, வலது பக்கம் வண்டிங்க'ன்னு ஓதிட்டே வந்தா. போனுல ஒருத்தி, பின்சீட்டுல ஒருத்தி. ரெண்டு பேருக்கு நடுவுல மனுசன் எப்படி ஓட்டறது?"

எல்லாரும் சிரித்தார்கள். பக்ருன்னிசா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

அப்போது முத்தலிப் இலையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன் தங்கச்சி, இந்தத் தடவை ஒப்புட்டு போடலியா?"

கருப்பாத்தாள் விழித்தார். "போட்டிருக்கனுங்களே அண்ணா."

போளி போலப் பூரணம் வைத்துத் தட்டிய அந்த ஒப்புட்டு அவருடைய இலையின் வலது ஓரத்தில் இருந்தது. இரண்டு. பக்கத்திலேயே பொரியலும் தொடாமல் அப்படியே கிடந்தது. இலையின் இடது பாதி துடைத்தது போலக் காலியாக இருந்தது.

"பாய்க்கு இன்னும் ரெண்டு வேணுமாம், கேக்கற விதத்தைப் பாரு," என்றார் சென்னியப்பன். மறுபடியும் சிரிப்பு. முத்தலிப் தலையைத் திருப்பித் தேடி, ஒப்புட்டைக் கண்டுபிடித்து, "அட, இங்கதான் ஒளிஞ்சிருக்கா," என்று தானும் சிரித்தார்.

குழம்புக் கரண்டி கயல்விழியின் கையில் அப்படியே நின்றது.

ரவுண்டானாவில் வெளியேறும் வழி எந்தப் பக்கம்? அந்த ஊர்களில் வலது பக்கம். குடை மாட்டியது எந்தக் கண்ணாடியில்? காலையில் கீறல் விழுந்தது எந்தக் கதவில்? அவள் மெதுவாக முத்தலிப்பின் வலது பக்கம் போய், சத்தமில்லாமல் குனிந்து, தண்ணீர் டம்ளரை அவர் தோளருகே நீட்டினாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பத்து எண்ணும்வரை நீட்டியபடி நின்றாள். அவர் பார்க்கவில்லை. பிறகு இடது பக்கம் வந்து நீட்டினாள். "குடு கண்ணு," என்று உடனே வாங்கிக்கொண்டார்.

பக்ருன்னிசா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கண்களும் சந்தித்தன. பக்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா அந்தச் சைக்கிள்காரன் கதைய நான் சொல்லணும்," என்றார் முத்தலிப். "சுவிட்சர்லாந்துல மலை ஏறிட்டு இருக்கோம். திடீர்னு மஞ்சச் சட்டை போட்ட ஒருத்தன் வந்து கண்ணாடியைத் தட்டறான். அவன் பாஷையில என்னமோ கேக்கறான். வழி கேக்கறான்னு நெனச்சேன். நமக்கே வழி தெரியாது. பசிக்குதோ என்னமோன்னு, தங்கச்சி புடிச்சுக் கொண்டாந்த லட்டு ரெண்டைக் கையில வெச்சேன். லட்டையும் பாக்கறான், என்னையும் பாக்கறான். கடைசியில தின்னுட்டு 'தேங்க்யூ'ன்னுட்டுப் போயிட்டான்."

சிரிப்பு அடங்கும்வரை கயல்விழி காத்திருந்தாள். "அவரு எதுக்குங்க மாமா கண்ணாடியைத் தட்டுனாரு?"

"அது என்னவோ. ரோட்டோரமா எறங்கிட்டான் போல."

"எந்தப் பக்கத்து ஓரமுங்க?"

சென்னியப்பன் இலையைப் பார்த்தார். பக்ருன்னிசாதான் மெல்லச் சொன்னார். "வலது பக்கம், கண்ணு. கம்பித் தடுப்புல போய் விழுந்துட்டான். முட்டியில ரத்தம் வந்துச்சு."

"சின்னச் சிராய்ப்புதான்," என்றார் சென்னியப்பன் அவசரமாக. "ஒண்ணும் ஆகலை. சாப்புடுங்க, சாப்புடுங்க. ரெண்டு மணிக்குக் கெளம்புனாத்தான் மேல போயிட்டு இருட்டறதுக்குள்ள எறங்க முடியும்."

கயல்விழி பாத்திரங்களோடு சமையலறைக்குப் போனாள். அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, மாமாவுக்கு வலது பக்கம் பார்வை இல்ல. ரெண்டு கண்ணுலயும் வலது பாதி தெரியலை. அவரு இந்த வண்டிய ஓட்டக்கூடாது."

"கண்ணாடி மாத்தணும்னு அவரே சொல்றாரு. மாத்துனாச் சரியாப் போயிரும்."

"கண்ணாடியில வர்ற கோளாறு இல்லப்பா இது. மூளையில ரத்தக்குழாய் அடைச்சா இப்படி ஒரு பக்கம் மட்டும் போகும். கோத்தகிரி ரோட்டுல வளைவுல எதிர்க்க பஸ் வந்தா அவருக்குத் தெரியாது. ஹுமேரா அந்த வண்டியில இருப்பா. அம்மாவும் இருப்பாங்க."

சென்னியப்பன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு? வந்த எடத்துல வெச்சு, சோறு போட்ட கையோட, 'உனக்குக் கண்ணு தெரியாது'ன்னு சொல்லச் சொல்றியா? அந்த மனுசன் வண்டி ஓட்டித்தான் மேல வந்தாரு. இன்னிக்கு ஒரு நாள் போயிட்டு வந்தரலாம். நாளைக்கு நானே பக்குவமாச் சொல்றேன்."

"நாளைக்கு எல்லாரும் இருக்கணுமேப்பா."

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வெளியே முத்தலிப் கை கழுவிவிட்டுச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கயல்விழி நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "மாமா, கெளம்பறதுக்கு முன்னாடி உங்க கண்ணை ஒரு தடவை பாத்தரட்டுங்களா? ரெண்டு நிமிசந்தான்."

"ஞாயித்துக்கெழமையுமா உனக்கு வேலை?" அவர் சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் படியிறங்கினார்.

"அப்ப நான் ஓட்டறனுங்க மாமா. எனக்கும் மலை ரோடு பழக்கந்தான்."

அவர் நின்றார். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "என் வண்டிய இதுவரைக்கும் அடுத்தவங்க கையில குடுத்ததில்ல, அம்மணி."

அவர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். கருப்பாத்தாள் தின்பண்டப் பையோடு பின்பக்கம் ஏறினார். பக்ருன்னிசா கதவைப் பிடித்தபடி ஏறாமல் நின்றார். சென்னியப்பன், முத்தலிப்புக்கு வழி காட்டுவதற்காக வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்றார். ஹுமேரா செருப்பைத் தேடிக்கொண்டு இன்னும் வாசற்படியில் இருந்தாள்.

அவர் சாவியைத் திருப்பினால் அதற்கப்புறம் நிறுத்த முடியாது. கயல்விழி ஓடிப்போய் ஹுமேராவின் கையைப் பிடித்து, வண்டியின் வலது பக்கமாகவே அழைத்துவந்தாள். சென்னியப்பனுக்குப் பக்கத்தில், முத்தலிப் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வலது கைப் பக்கமாக, நான்கடி தள்ளி நிறுத்தினாள். "இங்கயே நில்லு சாமி. நான் சொல்ற வரைக்கும் பேசாத," என்று அவள் காதோடு சொன்னாள்.

பிறகு வண்டியின் ஜன்னலுக்கு வந்தாள்.

"மாமா, சாவியத் திருப்பாதீங்க. ஒரே ஒரு கேள்வி. இதுக்குப் பதில் சொல்லிட்டீங்கன்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன். அப்பா சட்டையில மேல் பட்டனை மட்டும் பாருங்க. தலையத் திருப்ப வேண்டாம். முன்னாடி யார் யாரு நிக்கறாங்க?"

"இது என்ன வெளையாட்டு?"

"சொல்லுங்க மாமா."

முத்தலிப் சலிப்போடு நேரே பார்த்தார். "உங்கப்பன் நிக்கறான்."

"வேற யாரு?"

"வேற யாரு இருக்காங்க? அவனுந்தான், அவனுக்குப் பின்னால கேட்டுந்தான்."

தெருவில் ஒரு மொபெட் போகும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் தன் பக்கத்தில் நின்ற குழந்தையைக் குனிந்து பார்த்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"நன்னா," என்று தாத்தாவைக் கூப்பிட்டாள் ஹுமேரா. அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "நான் இங்கதான் நிக்கறேன்."

முத்தலிப்பின் தலை வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பியது. பேத்தியைப் பார்த்தார். மறுபடி சென்னியப்பனைப் பார்த்தார். மறுபடி பேத்தியைப் பார்த்தார். மூன்றாவது தடவை திரும்பும்போது மெதுவாகத் திரும்பினார், எந்த இடத்தில் அவள் வருகிறாள், எந்த இடத்தில் காணாமல் போகிறாள் என்று தானே சோதித்துப் பார்ப்பவர் போல.

கதவைத் திறந்து இறங்க அவருக்கு நேரமாயிற்று. இறங்கியதும் கயல்விழியிடம்தான் வந்தார். "பச்சைப் புள்ளைய நிறுத்தி வெச்சு வித்தை காட்டறியா? இத்தனை பேர் முன்னால?"

"அவளைத் திட்டாதீங்க," என்றார் பக்ருன்னிசா. "திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. ஏப்ரல்ல ரெண்டு நாள் தலைவலின்னு படுத்தீங்களே, அன்னையிலிருந்து எனக்குத் தெரியும். நிலைப்படியில வலது தோளை இடிச்சீங்க. டீயைத் தட்டி விட்டீங்க. டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னேன். டிக்கெட் போட்டாச்சு, போயிட்டு வந்து பாத்துக்கலாம்னீங்க. எனக்கு வேற வழி தெரியலை. அதான் பின்னால ஒக்காந்துட்டு சொல்லிட்டே வந்தேன். இன்னிக்குக் காலையில அந்த பைக்கு வந்தப்ப ஹுமேரா என்னமோ கேட்டா, திரும்பிட்டேன். ஒரு நிமிசம். அதுக்குள்ள உரசிருச்சு."

சென்னியப்பன் அருகே வந்தார். "எனக்கும் தெரியும் பாய். குடை மாட்டுன அன்னைக்கே சந்தேகம். அந்தச் சைக்கிள்காரன் விழுந்தப்ப உறுதியாயிருச்சு. சொன்னா ட்ரிப்பு அத்தோட போயிரும்னு இருந்துட்டேன். மீதி நாளெல்லாம் வலது பக்கத்தை நாந்தான் பாத்துட்டு வந்தேன்."

"அந்த மலையில நான் கண்ணையே தொறக்கலீங்கண்ணா," என்றார் கருப்பாத்தாள், வண்டிக்குள்ளிருந்து.

முத்தலிப் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது," என்றார். "ஒன்பது நாளும் என்கூடச் சிரிச்சுட்டே வந்தீங்களேப்பா."

சாவியை வண்டியின் மேல் வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தார். பக்ருன்னிசா பின்னால் ஓடினார்.

அன்றைக்குக் கோத்தகிரிக்கு யாரும் போகவில்லை. கயல்விழிதான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்களைக் கோவையில் கொண்டுபோய் விட்டாள். முத்தலிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி முழுவதும் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது ஹுமேராதான் கேட்டாள்: "நன்னாவுக்கு இனிமே தெரியாதா அக்கா?" கயல்விழி, "நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டுச் சொல்றேன் சாமி," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் எடுத்த ஸ்கேனில் மூளையின் பின்பகுதியில் பழைய அடைப்பு ஒன்று தெரிந்தது. ஏப்ரல் மாதத்துத் தலைவலி அதுதான். ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் இருந்தது. இன்னொரு முறை வந்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று மருத்துவர் பக்ருன்னிசாவிடம் தனியாகச் சொன்னார். முத்தலிப்பிடம் இரண்டே விஷயம் சொன்னார். மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது. ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. போன பார்வை திரும்புமா என்று முத்தலிப் கேட்டார். பெரும்பாலும் திரும்பாது, தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் சென்னியப்பன் போன் செய்தால் முத்தலிப் எடுக்கவில்லை. சென்னியப்பன் இரண்டு முறை கடைக்கே போனார். "தொழுகைக்குப் போயிருக்காருங்க" என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். உள்ளே அவருடைய இருமல் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சென்னியப்பன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சொன்னது சரிதான். நான் சொல்லியிருக்கணும், அதுவும் அங்கயே," என்றார் ஒரு நாள்.

செப்டம்பர் கடைசியில் முத்தலிப், கயல்விழி வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்காக வந்தார். கயல்விழிதான் சோதிக்க வேண்டியிருந்தது. கருவிக்கு முன்னால் தாடையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பித்தானை அழுத்தினார். இடது பாதியில் ஒன்றுகூடத் தவறவில்லை. வலது பாதியில் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன, அவர் விரல் அசையவே இல்லை. முடிந்ததும் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

"இதோட தான் ஓட்டுனேனா அம்மணி?"

"ஆமாங்க மாமா."

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய வித்துட்டேன்," என்றார். "பாக்கறப்பல்லாம் சாவிய எடுக்கத் தோணுது. உன்மேல கோவந்தான் இருந்துச்சு. இப்ப உன்மேல இல்ல."

"அப்பா மேலயுங்களா?"

"அவன்மேல இருக்கு." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை கடைக்கு வரச் சொல்லு. இருக்கேன்னு சொல்லு. நல்லாத் திட்டணும் அவனை. கேக்கறதுக்குத் தயாரா வரச் சொல்லு."

பக்ருன்னிசா வெளியே நாற்காலியில் காத்திருந்தார். இருவரும் படியிறங்கிப் போவதைக் கயல்விழி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். சாலையைக் கடக்கும் இடத்தில் பக்ருன்னிசா கணவருடைய கையைப் பிடிக்கப் போனார். முத்தலிப் வேண்டாமென்று தலையசைத்தார். இடது பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு கழுத்தை நன்றாகத் திருப்பி, வலது பக்கம் நீண்ட நேரம் பார்த்தார். ஒரு ஆட்டோ, ஒரு டவுன் பஸ், மறுபடி ஒரு ஆட்டோ. எல்லாம் போகும்வரை நின்றுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு சாலையில் இறங்கினார்.